வலி உண்மை, விலாசம் பொய்

2025 நவம்பர் கடைசியில் இலங்கையில் ‘டித்வா’ புயல் அடித்தது. மலையகத்தில் மண் சரிந்து குடியிருப்புகளோடு குடும்பங்கள் புதைந்தன. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். தோட்ட மக்களைப் பாதுகாப்பான காணியில் குடியமர்த்துங்கள் என்ற கோரிக்கை அப்போதே எழுந்தது. “யாருடைய மண்ணை யாருக்குக் கொடுப்பது?” என்ற முணுமுணுப்பும் அதன் பின்னாலேயே கைபேசித் திரைகளில் ஏறி வந்தது.

புயல் எல்லோர் வீட்டையும்தான் இடித்தது. சிங்களக் கிராமத்து விவசாயியும் காணி இழந்து நிற்கிறார். அவருடைய வலி பொய்யில்லை. அந்த வலியைக் கொண்டுபோய்த் தோட்டத் தொழிலாளியின் லயத்து வாசலில் இறக்கிவைக்கும் கைதான் ஆபத்தானது.

அந்தக் கை புதியதல்ல. ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பாவில் பாசிசம் சாதாரண சனங்களை வளைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், இலங்கையிலும் அது நீண்டது. அன்று நடந்ததை விளங்கிக்கொண்டால் இன்று போனில் வருவதைத் தரம் பிரிக்கலாம்.

பசிக்கு ஒரு முகம்

ஜேர்மனியில் 1928 தேர்தலில் ஹிட்லரின் கட்சிக்கு 100 பேரில் 3 பேர்கூட வாக்களிக்கவில்லை. 1932 ஜூலையில் 100க்கு 37 பேர் வாக்களித்தார்கள். நான்கே வருடத்தில் ஒரு நாட்டுச் சனத்தின் குணம் மாறிவிடாது. மாறியது அடுப்படி. 1929ல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் தொழிற்சாலைகள் மூடின. 1932 தொடக்கத்தில் அங்கே சுமார் 60 இலட்சம் பேருக்கு வேலையில்லை.

அந்த வீடுகளுக்குள் நாஜிகள் யூத வெறுப்பை மட்டும் தூக்கிக்கொண்டு நுழையவில்லை. வேலை தருகிறோம், ரொட்டி தருகிறோம், தலை நிமிர்ந்து நடக்கலாம் என்றார்கள். ஆட்சிக்கு வந்த 1933லேயே மலிவு வானொலிப் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். விலை 76 மார்க். தலைவர் பேசும்போது தொழிற்சாலைகளிலும் சந்திகளிலும் ஒலிபெருக்கி அலறும். குளிர்காலத்தில் ஏழைகளுக்காக உண்டியல் குலுக்குவார்கள். தொழிலாளியை உல்லாசப் பயணம் அழைத்துப் போவார்கள்.

இத்தாலியில் முசோலினி இதை முன்பே செய்து காட்டியிருந்தார். வேலை முடிந்த பிறகு விளையாட, பாட, படம் பார்க்க என்று 1925லேயே அரசாங்கம் தொழிலாளர் மன்றங்களைக் கையில் எடுத்தது. தனித்துக் கிடந்தவனுக்கு ஒரு கூட்டம் கிடைத்தது. கூடவே கூட்டத்தின் சீருடையும் கோஷமும் கிடைத்தன.

இதற்குள் வைத்துத்தான் நஞ்சைக் கொடுத்தார்கள். உன் வேலையைப் பறித்தது யூதன், போரில் தோற்றதற்கு யூதன் காரணம், வங்கியும் யூதன், கம்யூனிஸ்டும் யூதன். பொருளாதார மந்தம் என்றால் என்னவென்று ஒருவருக்கு விளக்க ஒரு நாள் வேண்டும். அடுத்த தெருக் கடைக்காரனை விரல் நீட்டிக் காட்ட ஒரு நொடி போதும்.

பிரசாரம் கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். வாரம் 5 மார்க் கட்டி அட்டையில் முத்திரை ஒட்டிக்கொண்டே வந்தால் ஒரு கார் சொந்தமாகும் என்றது அரசாங்கம். 3 இலட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் அட்டை வாங்கினார்கள். யுத்தம் வந்தது, கார் ஆலை இராணுவ வண்டி செய்தது. அட்டை நிரப்பிய ஒருவருக்குக்கூட அந்த ஆட்சியில் கார் கிடைக்கவில்லை.

கொழும்பில் ஒரு தொழிலாளர் தலைவர்

இலங்கையின் கதை ஒரு நல்ல மனிதரிடமிருந்து தொடங்குகிறது. ஏ. ஈ. குணசிங்க 1922ல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியவர். 1923ல் கொழும்பில் பொது வேலைநிறுத்தம் நடத்தியவர். படித்தவனுக்கும் சொத்துள்ளவனுக்கும் மட்டும் வாக்கு என்றிருந்த நாட்டில், எல்லோருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று பிரித்தானியர் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு முன் கேட்டவர். சிங்களவர், தமிழர், முஸ்லிம், மலையாளி எல்லாரும் அவருடைய சங்கத்தில் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளரின் முதல் தொழிற்சங்கவாதியான கோ. நடேசய்யர் அதில் உப தலைவராகவே இருந்தார்.

பிறகு மந்தம் வந்தது. துறைமுகத்தில் வேலை குறைந்தது. கொழும்பில் வேலையற்றோர் பெருகினார்கள். வேலை கொடுக்காத கம்பெனியை எதிர்ப்பது கடினம். பக்கத்தில் நின்று வேலை செய்யும் மலையாளியை எதிர்ப்பது சுலபம். குணசிங்க சுலபமான வழியில் இறங்கினார்.

1933ல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் இளம் இடதுசாரி கொல்வின் ஆர். டி சில்வா. வேலைநிறுத்தக்காரர்களில் பெரும்பாலோர் இந்தியர். பத்து வருடம் முன்பு கொழும்பையே நிறுத்திய குணசிங்க, இந்த முறை எதிர்ப்பக்கம் நின்றார். அவருடைய ‘வீரய’ பத்திரிகை மலையாளிகளுக்கு எதிராக எழுதித் தள்ளியது. வேலையைப் பறிக்கிறான் என்று தொடங்கிய பேச்சு, நம் பெண்களைக் கட்டிக்கொள்கிறான் என்பதில் வந்து நின்றது. கலியாணத்தில் இனம் பார்க்கும் சட்டத்தை ஜேர்மனி 1935ல்தான் கொண்டுவந்தது. அந்தக் காற்று கொழும்புத் துறைமுகத்துக்கும் வந்திருந்தது.

குணசிங்க ஹிட்லர் அல்ல; இலங்கை பாசிச நாடாகவும் ஆகவில்லை. வெறுப்பைக் கொண்டுவருகிறவர் எப்போதும் வில்லன் முகத்தோடு வருவார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அன்று வந்தவர் தொழிலாளிக்காகச் சிறை போகவும் அஞ்சாதவர். அதனால்தான் தொழிலாளி நம்பினான்.

மலைக்குத் திருப்பி அனுப்பப்பட்ட கடிதம்

கண்டிச் சிங்கள விவசாயிக்கு ஒரு நியாயமான வழக்கு இருந்தது. 1840ல் வந்த முடிக்குரிய காணிச் சட்டமும் 1897ல் வந்த தரிசுநிலச் சட்டமும், உறுதி காட்ட முடியாத கிராமத்துக் காணியை அரசின் காணியாக்கின. காடும் சேனையும் கோப்பித் தோட்டமாயின. பிறகு தேயிலைத் தோட்டமாயின. சட்டம் போட்டது பிரித்தானிய ஆட்சி. காணி வாங்கியது துரைமார்.

கோபம் போய் இறங்கியது எங்கே? பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில். அங்கே இருந்த இந்தியத் தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு அடுப்புக்கல் வைக்கும் மண்கூட இருக்கவில்லை. துரைக்கு எழுத வேண்டிய கடிதத்தைக் கூலிக்கு எழுதினார்கள்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விலாசம் தவறிய கடிதம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் லயத்தில் எந்தக் காம்பராவுக்கும் தனி விலாசம் கிடையாது. தபால் எல்லாம் தோட்டத்து ஒப்பீசுக்கு வரும். எனக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் அங்கே மேசையில் கிடந்து, தேர்வு முடிந்து நான்கு நாள் கழித்துக் கைக்குக் கிடைத்தது. அன்று இழந்தது ஒரு வேலை. 1930களில் விலாசம் மாறிப் போன கோபத்துக்கு ஒரு சனக்கூட்டமே விலை கொடுத்தது.

விலையை வரிசையாகப் பார்க்கலாம். 1931ல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, தோட்டத்து இந்தியருக்கு நிரந்தரக் குடியிருப்பைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை. அவர்கள் வாக்கு மலைநாட்டை மூழ்கடித்துவிடும் என்ற பயம் அதற்கு முன்பே கிளப்பப்பட்டிருந்தது. 1937ல் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டத்து இந்தியத் தொழிலாளிக்கு அதில் வாக்கு இல்லை. 1939ல் அரச திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை வீட்டுக்கு அனுப்பும் முடிவு. ஜூலையில் நேரு கொழும்புக்கு வந்து பேசியும் பலனில்லை. அந்த வருகையில்தான் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது.

1947 பொதுத் தேர்தலில் அந்தக் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948ல் தோட்டத்து இந்தியரின் பிரஜாவுரிமை போனது. 1949ல் வாக்கு போனது. 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றும் திரும்பி வரவில்லை. 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். நாடற்றிருந்தவர்களின் பிரச்சினை சட்டத்தில் தீர 2003 வரை ஆனது.

வாக்குரிமையும் பிரஜாவுரிமையும் பெரிய சொற்கள். சின்ன விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். உள்ளூராட்சியில் தோட்டத்தை வெளியே வைக்கும் வழக்கம் 1937க்குப் பிறகும் வேறு வேறு உருவில் தொடர்ந்தது. 1987ன் பிரதேச சபைச் சட்டமும், தோட்டத்துக்குள் சபை தன் காசைச் செலவழிக்கத் தாராளமாக இடம் தரவில்லை. லயத்துப் பாதைக்கு ஒரு விளக்கு, கான் துப்புரவு, ஒரு பாலம் என்றால் கம்பெனியிடம் போ என்பார்கள். சட்டம் திருத்தப்பட்டது 2018ல். இருட்டில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கு இறங்கிப் போய்க் கால் முறித்துக்கொண்டவளின் வலிக்கும், 1930களின் பத்திரிகைத் தலைப்புக்கும் தொடர்பு இருக்கிறது.

நடேசய்யர் என்ன செய்தார்?

தஞ்சாவூரிலிருந்து வந்த நடேசய்யர் பத்திரிகைக்காரர். ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ என்று பத்திரிகைகள் நடத்தினார். தோட்டத்துக்குள் வெளியார் நுழையத் தடை இருந்த காலம் அது. புடவை வியாபாரி வேடத்தில் மூட்டையோடு லயத்துக்குப் போய் நிலைமையைக் கண்டு எழுதியவர் அவர். குணசிங்கவிடமிருந்து பிரிந்த பிறகு 1931ல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அமைத்தார். 1936ல் ஹட்டன் தொகுதியிலிருந்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போனார்.

எழுத்து வாசனை இல்லாத லயத்துக்கு அவருடைய பத்திரிகை எப்படிப் போய்ச் சேரும்? அந்த வேலையைச் செய்தவர் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள். இந்தியருக்கு எதிராக வரும் சட்டங்கள் என்ன, நமக்கு என்ன நடக்கப்போகிறது என்பதை, சனங்களுக்குத் தெரிந்த மெட்டில் பாட்டாகக் கட்டித் தோட்டம் தோட்டமாகப் பாடினார். ஜேர்மனியில் அரசாங்கத்தின் வானொலி பேசிக்கொண்டிருந்த காலத்தில், நம் மலையில் ஒரு பெண்ணின் குரல் அரசாங்கத்தின் சட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தது.

எதிர்க்குரல் நம் பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி விழுந்தார். அந்தப் போராட்டத்தின் பின்னால் இருந்தவர்கள் லங்கா சமசமாஜக் கட்சியின் சிங்களத் தலைவர்கள். விசாரணையில் கோவிந்தனின் மனைவிக்காக வாதாட வந்தவர் வெள்ளவத்தையில் நின்ற அதே கொல்வின். 1948ல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தும் அந்தக் கட்சி வாக்களித்தது. சிங்களவர் எல்லாரும் நமக்கு எதிர் என்று சொல்லும் செய்தி உங்கள் போனுக்கு வந்தால், அதற்கும் விலாசம் பிழை.

இப்போது நம் முறை

இதுவரை சொன்னதில் நாம் குறிவைக்கப்பட்டவர்கள். இனிச் சொல்வதில் அப்படியில்லை.

2018 மார்ச்சில், நம் மலைக்குப் பக்கத்தில், கண்டி திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அவசரகால நிலை போட்டு, பேஸ்புக்கையும் சில நாள் நிறுத்தினார்கள். தன் தளத்தில் வெறுப்பு பரவிய விதத்துக்காக பேஸ்புக் நிறுவனம் 2020ல் வருத்தம் தெரிவித்தது. ‘வீரய’ அச்சகத்திலிருந்து தெருவுக்கு வர ஒரு நாள் எடுத்திருக்கும். இதற்கு ஒரு விரல் போதுமாக இருந்தது.

2019ல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஒரு குரல் பதிவு எனக்கு வந்தது. முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளில் பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் மாத்திரை கலக்கிறார்களாம். நான் அதைக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். படித்தவன், பத்திரிகையில் எழுதுகிறவன் அனுப்பினேன். பயமாக இருந்தது, அனுப்பியதும் பயத்தைப் பங்கு போட்டுக்கொண்டது போல ஒரு நிம்மதி.

முப்பத்தெட்டு வருடம் கொழுந்தெடுத்த என் பெரியம்மாவுக்குப் பேத்தி அதைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அன்று இரவே அழைத்தார். “தம்பி, இத யாரு கண்டது? தின்னவனுக்கு என்னாச்சு? அவன் பேரு என்ன, ஊரு என்ன?” என்னிடம் பதில் இல்லை. “பேரு இல்லாத ஆளுக்கு நான் பேரு போட மாட்டேன்” என்றார். பெரட்டுக்களத்தில் ஆள் வந்து நின்றால்தான் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அன்றைய பேர் விழும். வராதவனுக்குப் பேர் கிடையாது. அந்தக் கணக்கை அவர் வதந்திக்கும் வைத்தார்.

மறுநாளும் அவர் வழக்கமான கடைக்கே போனார். பிறகு வந்த கொவிட் முடக்கத்தில் கொப்பியில் எழுதிவிட்டு மா மூட்டை தந்தது அந்த முஸ்லிம் கடைக்காரர்தான். அதே காலத்தில் ஜனாஸாவைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்ற ஆதாரமில்லாத பேச்சை வைத்து, கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்தது அரசாங்கம். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அது நின்றது. நம்மில் எத்தனை பேர் அப்போது வாய் திறந்தோம்?

செய்யக்கூடியவை

ஒன்று, பெரியம்மாவின் கணக்கு. யார் கண்டது, எங்கே, எப்போது, பாதிக்கப்பட்டவர் பேர் என்ன? நான்கில் ஒன்றுக்காவது பதில் இல்லாத செய்தியை ஓர் இரவு கிடப்பில் போடுவோம். விடியும்போது பெரும்பாலானவை தானே புளித்துப் போயிருக்கும்.

இரண்டு, தொழிற்சங்கங்கள். மாதச் சந்தா அறவிடும் சங்கம் ஒவ்வொன்றும், சம்பளம், காணி, வீடு பற்றிய உண்மை நிலையை மாதம் ஒரு பக்கத் தாளில் எளிய தமிழில் எழுதிப் பெரட்டுக்களத்தில் ஒட்டலாம். அதையே சிங்களத்திலும் எழுதிப் பக்கத்துக் கிராமத்துக் கடையில் ஒட்ட வேண்டும். நாம் கேட்பது யாருடைய வயலையும் அல்ல என்பதை நாமே சொல்லாவிட்டால் வேறொருவர் வேறு மாதிரிச் சொல்வார்.

மூன்று, அரசாங்கத்தின் சொல் தமிழில், நேரத்துக்கு வர வேண்டும். மண்சரிவு எச்சரிக்கையும் நிவாரணப் பட்டியலும் காணி முடிவும் சிங்களத்தில் முதலில் வந்து தமிழில் பிந்தும் ஒவ்வொரு மணித்தியாலமும் வதந்திக்கு விட்ட இடம். பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் இரு மொழி அறிவித்தல் பலகை வைக்கலாம். 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தடை சொல்ல முடியாது. யாருக்கு எந்த அடிப்படையில் எவ்வளவு காணி என்பதைப் பலகையில் வெளிப்படையாக எழுதிவிட்டால் பாதி முணுமுணுப்பு அடங்கும்.

நான்கு, நகரத்துக்கு ஒரு தொடர்புக் குழு. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற நகரங்களில் கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் தேவாலயமும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒருவர், வர்த்தகர் சங்கத்தில் ஒருவர், பொலிஸ் நிலையத்தில் ஒருவர். வதந்தி கிளம்பிய ஒரு மணி நேரத்துக்குள் விசாரித்து இரண்டு மொழியிலும் குரல் பதிவு போட இவர்கள் போதும். கலவரத்துக்குப் பிறகு கூடும் சமாதானக் குழுவை முன்கூட்டியே கூட்டச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஐந்து, பாடசாலை. வரலாற்றுப் பாடத்தில் ஹிட்லரைப் படிக்கும் மலையகப் பிள்ளை, அதே வருடங்களில் ஹட்டனில் நடந்ததையும் படிக்க வேண்டும். ஆசிரியர் ஒரு பாடவேளை ஒதுக்கி, போனில் வந்த ஒரு செய்தியைக் கரும்பலகையில் எழுதி, இதில் வலி எது, விலாசம் எது என்று பிரிக்கச் சொல்லலாம். பரீட்சைக்கு வராது, வாழ்க்கைக்கு வரும்.

ஆறு, சட்டம். இன மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க 2007ன் 56ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2019ல் அது ஒரு சிறுகதைக்காக எழுத்தாளர் சக்திக சத்குமாரவைச் சிறைக்கு அனுப்பப் பயன்பட்டது. கதை எழுதியவருக்கும் கடை எரிக்கத் தூண்டியவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொலிஸுக்குப் பயிற்றுவிக்க வேண்டும்.

காணியும் வீடும் கிடைக்கும்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் கதவிலக்கம் எழுதிய தனி விலாசம் வரும். அதுவரை, கைக்கு வரும் கோபத்தைப் பிரித்துப் பார்த்து, விலாசம் நமதும் இல்லை, பக்கத்து வீட்டாருடையதும் இல்லை என்றால், எழுதியவருக்கே திருப்பி அனுப்புவோம்.